காற்புள்ளிக்கு முன்னால் துரைக்கண்ணு

ஒரு மனிதரைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்கிறவர், எதற்காக முன்கூட்டியே அவருக்குச் சால்வை வாங்கி வைத்திருக்கிறார்? அதுவும் ஜரிகை போட்ட சால்வை. ஆள் கிடைத்துவிடுவார் என்று அவ்வளவு நம்பிக்கையா? இல்லை, கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமா?

பிரபாவதி இதைச் சொல்லவில்லை. நினைத்ததோடு சரி. நினைத்ததைச் சொல்லாமல் இருப்பது துப்பறியும் தொழிலில் பாதி என்பது அவள் கட்சி. மீதிப் பாதிக்கு, நினைக்காமலே சொல்லிவிடும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

"சால்வை சூப்பரா கீது சார்," என்றான் சவுரிராயன். "ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீயா?"

திண்டிவனத்துத் தனியார் கல்லூரி ஒன்றின் முதல்வரான விருத்தாசலம் அவனைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். "இவர் யாரு மேடம்?"

"என் உதவியாளர். விழுப்புரத்துல ஷேர் ஆட்டோ ஓட்டுறார்."

"துப்பறியிற நேரம் போக ஓட்டுறேன் சார். எது எந்த நேரம்னு அக்காவுக்கே தெரியாது."

முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். காலை பத்து மணி. வேகமாகச் சொல்லத் தொடங்கினார்.

"ஆராய்ச்சிப் பிரிவுக்கு நிரந்தரமா ஒரு பேராசிரியர் எடுக்கறோம். இன்னிக்கு நாலு மணிக்கு இன்டர்வியூ. ஒரே இடம், ரெண்டு பேர். ஒருத்தர் கிருஷ்ணசாமி, உயிர்வேதியியல். அவர் கட்டுரைகளை உலகம் முழுக்கத் தொள்ளாயிரம் இடத்துல மேற்கோள் காட்டியிருக்காங்க. இன்னொருத்தர் டி. இசைவாணி, கணிதம். இங்கதான் நாலு வருஷமா கௌரவ விரிவுரையாளரா இருக்கு. அதுக்கு மூணு."

"முந்நூறா?"

"மூணு." அவர் விரல்களை நீட்டிக் காட்டினார். "அதோட விட்டிருந்தா பரவாயில்ல. விண்ணப்பத்துல ஒரு கட்டுரையைத் தன்னோடதுன்னு எழுதியிருக்கு. நேத்து சாயங்காலம் கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்க்கறேன், அது வேற ஒருத்தர் பேருல இருக்கு. இருநூத்திப் பதினாலு மேற்கோள்! ரத்தப் பரிசோதனைக்காரன்ல இருந்து கல்மரம் ஆராயறவன் வரைக்கும் அவர் பேரைச் சொல்றான். விலாசத்தைப் பார்த்தா, நம்ம முகையூர்!"

ஒரு துண்டுத் தாளை நகர்த்தினார். 'துரைக்கண்ணு, ஐ.' என்று இருந்தது.

"இவரை நாலு மணிக்குள்ள கூட்டிட்டு வரணும். 'இது என் கட்டுரை, இந்தப் பொண்ணு திருடிடுச்சு'ன்னு குழு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அப்புறம் வேலையை விடுங்க, எந்தக் காலேஜ் வாசல்லயும் அது ஏற முடியாது. அதோட அவருக்குப் பாராட்டு விழா. ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாச்சு."

"இசைவாணிகிட்ட கேட்டீங்களா சார்?"

"கேட்டா உஷாராயிடும்."

"அவங்க விண்ணப்பத்தை ஒருதரம் பார்க்கலாமா?"

முதல்வர் தன் மேசை இழுப்பறையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார், அது ஏற்கெனவே மூடியிருந்தும். "அது ரகசியம் மேடம்."

கட்டுரையின் நகலையும் அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலையும் மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

*

நெடுஞ்சாலையில் லாரிகள் எல்லாம் அவர்களை முந்திச் சென்றன. ஒரு டிராக்டரும் முந்தியது.

"அவன் வைக்கோல் ஏத்திக்கினு போறான்," என்றான் சவுரிராயன். "நான் மூளைய ஏத்திக்கினு போறேன். வெயிட்டு ஜாஸ்தி."

பின்சீட்டில் காற்றில் பறக்கும் தாள்களை முழங்காலால் அழுத்திக்கொண்டு பிரபாவதி சிரித்தாள்.

"ஐ-ன்னு ஆரம்பிக்கிற அப்பன் பேரு இன்னாக்கா கீது? ஐயனாரு. அப்புறம் ஐயாக்கண்ணு. ஐயாக்கண்ணு மவன் துரைக்கண்ணு. குடும்பமே கண்ணாஸ்பத்திரி வச்சிக்கினு இருக்கும்போல."

அவள் பட்டியலைப் புரட்டினாள். ஒவ்வொரு துறைக்கும் ஒரு குணம் இருக்கிறது என்று தோன்றியது. உயிர்வேதியியல்காரர்களின் கட்டுரை கல்யாணப் பத்திரிகை மாதிரி. கடைசிப் பக்கம் முழுக்க 'தங்கள் நல்வரவை விரும்பும்' பெயர்கள். நூறு பேர், நூற்றைம்பது பேர். ஒருவரையும் விடக்கூடாது, விட்டால் அவர் நம் பெயரைப் போடமாட்டார். கணிதக்காரர்கள் பதிவுத் திருமணக் கூட்டம். சாட்சிக் கையெழுத்துக்கு எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை பேர் போதும். அங்கே மூன்று என்பது ஊரே கூடியதற்குச் சமம். இதையும் அதையும் ஒரே தராசில் வைத்து அந்த முதல்வர் மூன்று விரல் நீட்டினாரே!

ஆனால் துரைக்கண்ணு? கணித இதழில் எழுதியவர். அவருக்கு எப்படி இருநூற்றுப் பதினாலு? எண்ணிப் பார்த்தாள். கணிதக்காரர்கள் ஏழே பேர். மற்ற இருநூற்று ஏழும் வேற்று வீட்டார். பெரும்பாலும் ரத்தப் பரிசோதனைக் கூடங்கள்.

கட்டுரையைத் திறந்தாள். பக்கமெல்லாம் ஈசல் பறந்ததுபோல் குறியீடுகள். நடுநடுவே வார்த்தைகள் தென்பட்டன. அவற்றை மட்டும் பொறுக்கி, தமிழாக்கி உரக்கப் படித்தாள்.

"ஒரு வண்டி. நேரம் பார்த்துக் கிளம்பாது. நிறைஞ்சாத்தான் கிளம்பும். மொத்தம் எட்டு இடம். முன்னால ரெண்டு, நடுவுல மூணு, பின்னால மூணு..."

ஆட்டோ ஓரங்கட்டி நின்றது.

"அக்கா! இது என் வண்டி!"

"இரு. 'வருகிறவர்களில் ஒரு பகுதியினர் முதல் இரண்டு இடங்களில் ஏறமாட்டார்கள். அப்படிப்பட்டவர் எவ்வளவு நேரம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்?' இதுதான் கேள்வி. இதுக்குத்தான் இவ்வளவு ஈசலும்."

"இதைப் போயி ரத்த டெஸ்ட்டுக்காரன் எதுக்குப் படிக்கறான்?"

"பட்டியல்லயே குறிப்பு போட்டிருக்காங்க. அவன் மெஷினும் எட்டுக் குப்பி நிறைஞ்சாத்தான் ஓடும். குழந்தைங்களோட சின்னக் குப்பி ஓரத்து ரெண்டு துளையில நிக்காதாம். எத்தனை நேரம் காக்க வைக்கலாம்னு இவர் கணக்கை வச்சுத்தான் முடிவு பண்றாங்க." அவள் முன்னால் சாய்ந்தாள். "சவுரி, உன் வண்டியில முன்சீட்டு ரெண்டுல யார் ஏறமாட்டாங்க?"

"இது தெரியாதா? பொம்பளைங்க. டிரைவரை ஒட்டிக்கினு யாரு குந்துவாங்க? அடுத்த வண்டி வரட்டும்னு வெயில்ல நிப்பாங்க. நான் இன்னா கத்தினாலும் அசைய மாட்டாங்க." கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "நீ மட்டும் இன்னா? மொத்த வண்டியும் காலி. ஆனா பின்னாடி போயி குந்திக்கினு வர்ற."

பிரபாவதிக்கு நாற்பத்தாறு வயது. எத்தனை நிறுத்தங்களில் எத்தனை வண்டிகளை விட்டிருப்பாள்? அது காத்திருப்பு என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை. வெயில் அடிப்பது மாதிரி, அது பாட்டுக்கு நடக்கும் ஒன்று. யாரோ ஒருத்தி மட்டும் நின்ற இடத்தில் நின்றபடி கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள்.

"இதை எழுதினது ஒரு பொண்ணு, சவுரி."

"துரைக்கண்ணுன்னா?"

"அதான் எனக்கும் புரியல."

"மீசை வச்ச பேரு அது, அக்கா. நீ வேற!" என்று ஆட்டோவைக் கிளப்பினான்.

*

விழுப்புரத்தில் டீசல் போட்டுக்கொண்டு முகையூரை எட்டியபோது மணி பன்னிரண்டரை. அஞ்சலகத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்த ரோஜா என்ற பெண் நிமிராமலே பதில் சொன்னாள்.

"துரைக்கண்ணுங்க நாலு பேரு இருக்காங்க. எந்தத் துரைக்கண்ணு?"

"வெளிநாட்டுத் தபால் ஏதாவது யாருக்காவது..."

முத்திரை அந்தரத்தில் நின்றது. "டாக்டர் துரைக்கண்ணா? அப்படிக் கேளுங்க! ஏரிக்கரையாண்ட குத்தகை நெலத்துல மல்லாட்டை ஆஞ்சிக்கினு இருப்பாரு."

"டாக்டரா?" என்றாள் பிரபாவதி.

"ஆட்டுக்குக் கழிச்சல்னா ஊரே அவர்கிட்டதான் ஓடுது. கைராசிக்காரரு."

ஏரிக்கரையில் பிடுங்கிப் போட்ட நிலக்கடலைச் செடிகளின் குவியலுக்கு நடுவே ஒரு பெரியவர் உட்கார்ந்து காய்களை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே அவர் மனைவி கெங்கம்மாள். அவள் கூடை நிரம்பியிருந்தது, அவர் கூடையில் பாதிதான்.

"டாக்டர் ஐயாதானே?" என்றான் சவுரிராயன்.

"ஆமா. ஆடா, மாடா?"

"ரெண்டும் இல்லீங்க. காலேஜு."

"காலேஜுக்கு இன்னா கழிச்சலா?" என்றாள் கெங்கம்மாள்.

பிரபாவதி அவர்களுக்கு எதிரே மண்ணிலேயே உட்கார்ந்து, கை சும்மா இராமல் ஒரு செடியை எடுத்து ஆயத் தொடங்கினாள். "ஐயா, உங்க பேரை உலகம் முழுக்க இருநூத்திப் பதினாலு பேரு எழுத்துல சொல்லியிருக்காங்க."

அவர் கை நின்றது. "நல்லதாவா, கெட்டதாவா?"

"நல்லதாத்தான்."

"அப்ப நானா இருக்காது," என்று சொல்லிவிட்டு மறுபடி ஆய ஆரம்பித்தார். ஆனால் அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போனது. அப்புறம் எழுந்து, வேப்பங்கிளையில் தொங்கிய மஞ்சப்பையை எடுத்துவந்து அவள் முன் கவிழ்த்தார். ஒன்பது உறைகள், எல்லாம் வெளிநாட்டுத் தபால்தலைகள். ஜப்பானிலிருந்து ஒன்று, போர்த்துகலிலிருந்து இரண்டு. 'மதிப்பிற்குரிய டாக்டர் ஐ. துரைக்கண்ணு, எங்கள் மாநாட்டில் தாங்கள் தலைமையுரை ஆற்ற வேண்டும்.'

"ரோஜா மொத கடுதாசிய படிச்சிக் காட்டிச்சி. டாக்டர்னு போட்டிருக்குதுன்னு சொல்லிச்சி. ஊரு புடிச்சிக்கிச்சி. நானும் ஆட்டுக்கு நாலு பச்சிலை குடுத்துப் பாத்தேன், நின்னுப்போச்சி."

"உங்க அப்பா பேரு என்னங்க?"

"முனுசாமி."

"அப்ப நீங்க மு. துரைக்கண்ணு. இதுல ஐ-ன்னு இருக்கே, உங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

"ரேஷன் கார்டுல என்னைத் துரைப்பாண்டின்னு போட்டிருக்கான். அதுக்கே நான் ஒண்ணும் கேக்கல. இவன் இத்தினி தூரத்துல இருந்து எழுதறான், ஒரு எழுத்து முன்ன பின்ன இருக்கும்."

கெங்கம்மாள் கூடையைத் தட்டிக் குலுக்கினாள். "பெத்த பொண்ணு பேருல ஒட்டிக்கினு திரியிற பேருக்கு இத்தினி பவுசு! இங்க ஒரு கூடை காய் ஆய முடியல."

பிரபாவதியின் விரல்களில் இருந்த காய் உடைந்தது.

ஒட்டிக்கொண்டு திரிகிற பேர்.

"உங்க பொண்ணு பேரு என்னம்மா?"

"இசைவாணி. திண்டிவனத்துல காலேஜுல கணக்கு டீச்சரு. எனக்குத்தான் ஒரு கணக்கும் வராது, நாலு வருசமா வேலை நிரந்தரம் ஆவும் ஆவும்னு சொல்லிக்கினே இருக்குது."

பிரபாவதி துண்டுத் தாளை எடுத்துப் பார்த்தாள். 'துரைக்கண்ணு, ஐ.' காலையிலிருந்து மூன்று பேர் அதைப் படித்தார்கள். மூன்று பேரும் நடுவிலிருந்த காற்புள்ளியைப் பூச்சி எச்சம் மாதிரி கண்டுகொள்ளாமல் விட்டார்கள். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. மல்லாட்டைக் குவியலில் கையூன்றி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"போச்சி, வெயிலு ஏறிக்கிச்சி," என்றான் சவுரிராயன். "டாக்டரே, அக்காவுக்குப் பச்சிலை ஏதாச்சும் கீதா?"

"நம்ம ஊர்ல முன்னால வர்ற எழுத்து யாரோடது சவுரி?"

"அப்பனோடது."

"வெள்ளைக்காரன் குடும்பப் பேரை முன்னால தூக்கிப் போட்டு, ஒரு கமா வச்சு, ஆளோட சொந்தப் பேரை ஒத்தை எழுத்தாச் சுருக்கிடுவான். கமாவுக்கு முன்னால அப்பா. பின்னால பொண்ணு. அந்த ஐ, ஐயனாரு இல்ல. இசைவாணியோட முதல் எழுத்து, இங்கிலீஷ்ல!"

சவுரிராயன் ஆகாயத்தைப் பார்த்து யோசித்தான். "அப்ப அந்தப் பொண்ணு திருடினது..."

"தன்னோட கட்டுரையையே."

துரைக்கண்ணுவின் செல்போனிலேயே இசைவாணியைப் பிடித்தாள். தான் யாரென்று சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எதிர்முனையில் கூச்சமான குரல்.

"ஆமாங்க, அது நான் எழுதினதுதான். பிஎச்.டி. முடிச்சிட்டு ஊர்ல சும்மா இருந்தப்ப அனுப்பினேன். கடைசிப் பேரு என்னன்னு ஃபார்ம் கேட்டுச்சு. டி-ன்னு போட்டா, ஒத்தை எழுத்து செல்லாதுன்னு சிவப்புல காட்டுச்சு. அப்பா பேரை முழுசாப் போட்டுட்டேன். அந்த இதழ்ல என் பேரைச் சுருக்கிட்டாங்க."

"எத்தனை பேரு மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு தெரியுமா?"

"என் பேருல மூணு காட்டுதுங்க. கணக்குல மூணே நல்ல எண்ணிக்கைதான்."

"அப்பா பேருல இருநூத்திப் பதினாலு காட்டுது."

எதிர்முனைக் குரல் இறங்கியது: "ஐயையோ. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. தலைகால் புரியாது."

பிரபாவதி திரும்பிப் பார்த்தாள். துரைக்கண்ணு வரப்பில் நின்று வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"லேட்டாயிடுச்சும்மா," என்றாள்.

*

திரும்பும்போது பின்சீட்டில் துரைக்கண்ணு, ஒரு மூட்டை மல்லாட்டை, மஞ்சப்பை. எங்கே உட்காருவது என்று ஒரு நொடி தயங்கிய பிரபாவதி முன்னால் ஏறி சவுரிராயன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் எதுவும் சொல்லவில்லை. அவன் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

போகிற வழியிலேயே பட்டியலின் பின்பக்கத்தில் தன் அறிக்கையை எழுதி முடித்தாள். கட்டுரை இசைவாணியுடையதே என்று நான்கு வரிதான். மேடு பள்ளத்தில் எழுத்துகள் துள்ளின. கீழே பெயரெழுதி, கையெழுத்துப் போட்டாள்.

மூன்றே முக்கால். கல்லூரி வாசலில் இரண்டு பேர் ஏணி மேல் நின்று ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். 'உலகப் புகழ் மேதை, முகையூர் தந்த முத்து, டாக்டர் ஐ. துரைக்கண்ணு அவர்களே, வருக!' நடுவில் புகைப்படத்துக்கான வட்டம் காலியாக இருந்தது.

சவுரிராயன் வண்டியை நிறுத்தி, அதை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினான். துரைக்கண்ணு வட்டத்தையே பார்த்தார். "படத்துக்கு எடம் உட்டிருக்கான் பாரு. விவரமான பசங்க."

"அப்பா!" வராந்தாவிலிருந்து ஒல்லியான பெண் ஒருத்தி ஓடிவந்தாள். கையில் கோப்பு, கண்ணில் பதற்றம். "நீ எங்கப்பா இங்க?"

"என்னைத் தலைமை தாங்கக் கூப்பிட்டுக்கீறாங்க. நீ எங்க இங்க?"

அவர்களை அப்படியே விட்டுவிட்டு பிரபாவதி முதல்வர் அறைக்குப் போனாள். நின்றபடியே சொன்னாள். காற்புள்ளி, கடைசிப் பெயர், முகையூர், மல்லாட்டை.

விருத்தாசலம் முதலில் வாயைப் பிளந்தார். அடுத்து நாற்காலி குலுங்கச் சிரித்தார். நல்ல சிரிப்பு, அந்தச் சிரிப்புக்காக அவரை அவளுக்குப் பிடித்துக்கூடப் போயிற்று. "டி-ன்னா துரைக்கண்ணா! நான் தங்கராசு, தனபால் ஏதோ ஒண்ணுன்னு நெனச்சேன் மேடம்!" இழுப்பறையைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்தார். இரண்டாவது வரி: 'தந்தை பெயர்: துரைக்கண்ணு.' மூன்றாவது வரி: 'சொந்த ஊர்: முகையூர்.'

"அடடா," என்றார். "முதல் பக்கத்துலயே இருக்கு."

"ரகசியம்னு சொன்னீங்களே சார்."

சிரிப்பு நின்றது. கடிகாரத்தைப் பார்த்தார். விண்ணப்பத்தை மறுபடி உள்ளே வைத்து மெதுவாக மூடினார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேடம். கிருஷ்ணசாமி என் வீட்டம்மாவோட தம்பி. இருநூத்திப் பதினாலு, அதுவும் கணக்குல, தனியா ஒரு ஆளா... வெளியூர்ல இருந்து குழுவுக்கு வந்திருக்கறவர் கணக்குப் பேராசிரியர். இது தெரிஞ்சா அவர் வேற பேச்சே பேச மாட்டார். எனக்கு ராத்திரி வீட்டுல சோறு கெடைக்காது."

அவள் அறிக்கை எழுதிய பட்டியலை மடித்து இடது கையில் வைத்துக்கொண்டாள்.

"பொய் சொல்லச் சொல்லல. உங்களுக்கு அது புடிக்காதுன்னு தெரியும்." ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தி, பேனாவை மூடி கழற்றி அதன் மேல் வைத்தார். "'துரைக்கண்ணு என்கிற ஆராய்ச்சியாளர் யாரும் முகையூரில் இல்லை.' ஒரு வரி. ஒவ்வொரு வார்த்தையும் உண்மைதானே? கீழ உங்க கையெழுத்து. திருட்டுன்னு நான் சொல்லவே மாட்டேன். குழு அதுவா என்ன வேணும்னாலும் நெனச்சுக்கட்டும்."

உண்மைதான். அச்சுப்பிசகாத உண்மை. சென்னையில் ஒரு துப்பறியும் நிறுவனத்தில் ஒன்பது வருடம் அவள் இப்படிப்பட்ட உண்மைகளை எழுதிக் கொடுத்திருக்கிறாள். அடியில் முதலாளியின் கையெழுத்து இருக்கும். அவள் பெயர் எங்கும் இராது. அதனால் எதுவும் தன்னைச் சேராது என்று நிம்மதியாகத் தூங்கினாள். விழுப்புரத்துக்கு வந்து தன் பெயரில் பலகை மாட்டிய அன்றைக்குத்தான் முதன்முதலில் தூக்கம் வரவில்லை. அது பயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இல்லை, அது சந்தோஷம் என்று இப்போது, இந்த வெள்ளைத் தாளுக்கு முன்னால் நிற்கும்போது தெரிந்தது.

வெளியே துரைக்கண்ணுவின் குரல் ஓங்கிக் கேட்டது. "அந்த ஐ-ய மட்டும் அழிச்சிட்டு, இசைவாணின்னு முழுசா எழுதுப்பா. எடம் பத்தலைன்னா என் பேரைச் சுருக்கிக்க!"

பிரபாவதி பேனாவை எடுத்தாள். முதல்வரின் முகம் தெளிந்தது. அவள் அதன் மூடியைத் தேடி எடுத்துப் பொருத்தி, ஜரிகைச் சால்வையின் மேல் வைத்தாள். அவள் பெயரும் கையெழுத்தும் போட்ட நான்கு வரி அறிக்கை இடது கையில் மடிந்திருந்தது.

"இல்ல சார்," என்றாள், குழு காத்திருந்த பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில். "இதுல நான் என் பேரைப் போடல."